நான் பார்க்காத மானசரோவர்

மட்டாஞ்சேரி,
17.10.2004

சிரஞ்சீவி ரமேஷ்பாபுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீயும் மஞ்சுஷாவும் குழந்தை சோனியாவும் டொராண்டோவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கின் முன் கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் மானசரோவரில் குளிக்கவில்லை. அந்த ஏரியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. உன் மாமியார் லோகாம்பாளை மூச்சுக்குத் திணறவிட்டு நான் மட்டும் போய் மூன்று முழுக்குப் போட்டு வந்தேன் என்று தோப்பும்படியிலிருந்து சுள்ளிக்கல் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அம்மிணி பாத்திரம் தேய்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா அந்தத் தடாகத்தில இறங்கிக் குளிச்சுன்னாக்கும் அவங்க பறையறது, நேரோ?" என்று கேட்டாள். பதினொரு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். இல்லை என்றேன். "ஞான் விஸ்வசிச்சிட்டில்லா" என்றாள். நம்பாதவள் கேட்டிருக்க மாட்டாள்.

இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆகஸ்டில், எங்களைக் கைலாசத்துக்கு அழைத்துப்போன யாத்திரைக்காரர் குழுவில் எல்லோருக்கும் ஒரு விசிடி அனுப்பினார். லோகாம்பாளின் பெயருக்கு வந்ததை அவள் தம்பி முத்துராமலிங்கம் தன் வீட்டில் லேத் பட்டறை ஆட்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்துப் போட்டிருக்கிறார். அதில் ஏரிக்கரையில் ஒருத்தி வருகிறாள். தூரத்திலிருந்து எடுத்தது, முகம் தெரியாது. மார்பில் 14 என்று தைத்த சிவப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறாள். அந்தச் சட்டைகள் காட்மாண்டுவில் வாடகைக்கு வாங்கிக் கொடுத்தவை, எல்லோருக்கும் ஒரே நிறம், எண் மட்டும் வேறு. புறப்படும்போது எடுத்த குழுப் படத்தில் 14 என் மார்பில் இருக்கிறது, 15 லோகாம்பாளின் மார்பில். முத்துராமலிங்கம் படத்தை அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டினாராம். "பாத்தியளா, எங்க அக்கா அங்க செத்துக் கெடக்கா, இவுக இங்க தீர்த்தமாடுதாக" என்றாராம். அன்றே மஞ்சுஷாவுக்கும் ஃபோன் செய்துவிட்டார். அதன் பிறகுதான் அவள் என்னோடு பேசுவதை விட்டாள்.

அந்த 14 கமலாக்ஷி டீச்சர். இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து வந்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நானும் லோகாம்பாளும் பாதி வழியில் திரும்பிய அன்று காலை அவருடைய சட்டையின் ஜிப் அறுந்துபோய்விட்டது. "சேச்சி தாழெயல்லே போகுன்னது, ஜீப்பினகத்து இருந்நா மதியல்லோ, எனிக்கு மேலே நடக்கணும்" என்று கெஞ்சினார். கீழே போகிற எனக்கு ஜீப்புக்குள் உட்கார்ந்தால் போதுமே, மேலே நடக்கப் போகிறவர் அவர்தானே என்று. என் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவருடையதைப் போட்டுக்கொண்டேன். இவ்வளவுதான் சங்கதி. திரும்பி வந்ததும் எனக்காக ஒரு கேனில் ஏரித் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார், அதைப் பார்த்தவர்களும் நான் போய் எடுத்ததாகவே நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் நடந்ததை மஞ்சுஷாவுக்கு எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் சொல்லை என் மருமகள் நம்புவதற்கு இன்னொருத்தி சாட்சி எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தச் சாட்சியால் என்ன ஆகிவிடப் போகிறது. இதை நீ வீம்பு என்பாய். இருக்கட்டும்.

நான் லோகாம்பாளை வற்புறுத்தி அழைத்துப்போனேன் என்றும் சொல்கிறார்கள். இதை மறுக்க மாட்டேன். உன் அப்பாவும் நானும் அரசாங்க யாத்திரைக்கு இரண்டு முறை மனுப் போட்டோம், இரண்டு முறையும் பெயர் வரவில்லை, மூன்றாம் முறைக்கு அவர் இல்லை. பிறகு இடப்பள்ளியில் அலுவலகம் வைத்திருக்கும் இந்த யாத்திரைக்காரர் காட்மாண்டு வழியாகக் கூட்டிப்போவதாகத் தெரிந்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்ணைத் தனியாகச் சேர்க்க மாட்டோம், சொந்தத்தில் ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்றார்கள். எனக்கு அறுபத்தேழு. உன்னைக் கூப்பிடுவதில் பயனில்லை என்று தெரியும். லோகாம்பாளைக் கேட்டேன். "எனக்குக் குருவாயூரே போதும் சம்பந்தியம்மா, அங்க வரிசையில நிக்கதுக்கே காலு கடுக்குது" என்றாள். மறுநாளும் கேட்டேன். பெண்ணைக் கொடுத்தவள் பிள்ளையைப் பெற்றவளிடம் இரண்டாம் முறை இல்லை என்று சொல்ல மாட்டாள், நம் ஜனங்களில் அது வழக்கம் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இரண்டாம் முறை கேட்டேன்.

ஆனால் வந்த பிறகு அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். காட்மாண்டுவில் சிவப்புச் சட்டையும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, நம்ம ரெண்டு பேரும் பெட்ரோல் பங்குல வேலைக்கு நிக்கவுக மாதிரில்லா இருக்கோம்" என்று சிரித்தாள். நேபாள எல்லைப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் அதிகாரிகள் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், அவர்களுக்கு அது புரியவில்லை. "கான்வென்டுல படிச்சவுக, கைலாசத்துல சாமிகிட்டயும் இங்கிலீஷ்லதான் பேசுவீயளோ" என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. இப்போது யாராவது அப்படி என்னைக் கேலி செய்தால் தேவலை என்று இருக்கிறது.

நியாலம் என்ற ஊரில் உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்று எல்லோரையும் ஒரு குன்றின்மேல் நடக்கவைத்தார்கள். லோகாம்பாள் பாதியில் உட்கார்ந்து செருப்புக் கடிப்பதாகச் சொன்னாள். அவள் போட்டிருந்தது ஷூ, அதுவும் ஒரு அளவு பெரியது. அதை நான் கவனித்தேன். வழிகாட்டியிடம் சொல்லவில்லை, அவளும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். அடுத்த ஊருக்குப் போன மறுநாள் காலையில் அவளால் குனிந்து கயிறு கட்ட முடியவில்லை, உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. வழிகாட்டி பார்த்துவிட்டு உடனே கீழே இறக்க வேண்டும், ஒரு ஜீப்பும் உதவியாள் தாப்பாவும் போவார்கள், நீங்கள் விரும்பினால் குழுவோடு மேலே வரலாம் என்றார். ஏரி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நாளை மத்தியானம் போய்விடலாம் என்றார். நான் கால் மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இதையும் மறைக்கவில்லை. லோகாம்பாள் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கும் சேத்து ஒரு முங்கு போடுங்க" என்றாள். வாய் அப்படிச் சொன்னதே தவிர கை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சட்டையைக் கமலாக்ஷி டீச்சரிடம் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு சொல்ல அதிகம் இல்லை. காற்றுச் சிலிண்டர் ஒன்று இருந்தது, அது வழியிலேயே தீர்ந்தது. ஒரு இடத்தில் ஆறு பாதையில் ஏறி ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் வடிய இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தோம். அவள் தலை என் மடியில் இருந்தது. மஞ்சுஷாவைப் பற்றிப் பேசினாள், பிரசவத்துக்கு வந்தபோது கப்பைக் கிழங்கும் மீன்கறியும்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததைச் சொன்னாள், பிறகு யாரோ வாசலில் நிற்பதாகச் சொன்னாள், பிறகு பேசவில்லை. சின்ன ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அன்று சாயங்காலமே ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் தகனம் நடந்தது. மரமே இல்லாத ஊர். பழைய பெட்டிப் பலகையும் எருமை போன்ற அந்த மிருகத்தின் வறட்டியும் மண்ணெண்ணெயும்தான். தாப்பாவுக்கு நம் முறை தெரியாது, எனக்கு மந்திரம் தெரியாது. நான்தான் தீ வைத்தேன். பெண்பிள்ளை தீ வைத்தாள் என்று முத்துராமலிங்கத்துக்கு அதிலும் ஒரு குறை. காற்று அடித்துத் தீ மூன்று முறை அணைந்ததையும் மூன்று முறையும் நானே குனிந்து மறுபடி வைத்ததையும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஒரு பால் பவுடர் டின்னில் சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மஞ்சுஷா வந்தபோது ஆலுவா ஆற்றில் சாம்பலைக் கரைத்து எல்லாம் முடிந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கம்மாவ நான் ஒரு தடவ பாக்கறதுக்கு வச்சிருந்திருக்கக் கூடாதா அத்தை? நாலு நாள்ல நான் காட்மாண்டு வந்திருப்பேனல்லோ" என்று. அது அந்த நாட்டுச் சட்டம், நம் கையில் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து அழுதாள். அத்தனை துக்கத்திலும் நான் தனியாகப் பட்ட கஷ்டத்துக்காகவும் அழுதாள்.

இனி எழுதுவதை யாரும் என்மேல் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. யாத்திரைக்காரர் ஆளுக்கு நான்கு தாள் கொடுத்திருந்தார், எல்லாம் ஆங்கிலம். மூன்றாம் தாளில், வழியில் மரணம் நேர்ந்தால் உடலைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்க மாட்டோம், அங்கேயே தகனம் செய்யச் சம்மதிக்கிறோம் என்று எழுதி, கீழே பிள்ளையோ பெண்ணோ ஒப்பமிட வேண்டும் என்று இருந்தது. என்னுடையதை உனக்குத் தபாலில் அனுப்பினேன். நீ படித்துவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் "அம்மா, வேண்டாமே" என்று எழுதி, ஆனாலும் ஒப்பமிட்டு அனுப்பினாய். அதை நான் ரப்பரால் அழித்துவிட்டுக் கொடுத்தேன். லோகாம்பாளுக்கு அப்படி அனுப்ப நேரமில்லை, அவள் சம்மதித்ததே கடைசி வாரத்தில். சுள்ளிக்கல் பூத்திலிருந்து மஞ்சுஷாவைக் கூப்பிட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். "அதுல என்ன எழுதியிருக்கு அத்தை?" என்று கேட்டாள், கேட்காமல் இல்லை. வழக்கமானதுதான், உடம்புக்கு வந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்கிற சங்கதி என்றேன். "அத்தை படிச்சுப் பாத்தாச்சுன்னா சரிதான், என் பேர நீங்களே போட்டுருங்க" என்றாள். பக்கத்தில் லோகாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். பேத்திக்கு நேபாளத்து மணிமாலை வாங்கி வரவா என்று கேட்பதற்காக ரிசீவரைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தாளைப் பற்றிச் சொன்னால் மகள் வேண்டாம் என்பாள், தாய் அதைச் சாக்காக வைத்து நின்றுவிடுவாள், துணை இல்லாமல் நானும் போக முடியாது. இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து மஞ்சுஷாவின் ஒப்பத்தை நான் போட்டேன். அவள் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், நன்றாகவே வந்தது.

ரேஷன் கார்டிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் இந்தத் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் மாயம்மாள் என்று என்னிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துக் காட்டாமல் ஒருவரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. கான்வென்டில் எங்களுக்கு அதை அடித்துச் சொல்லித்தந்தார்கள், நானும் உன்னை அப்படித்தான் வளர்த்தேன். ஆகவே நான் தெரியாமல் செய்தேன் என்று நீ எனக்காக யாரிடமும் சொல்லாதே.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் அதிகாரி வந்து நின்றபோது தாப்பா பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். கொடுக்கும் முன் என்னைத் தனியாக அழைத்து, உடைந்த ஆங்கிலத்தில், அம்மா, இதைக் காட்டினால் இன்றே முடிந்துவிடும், காட்டாவிட்டால் உடலை இங்கே வைத்திருப்பார்கள், நாலைந்து நாள் ஆகலாம், நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும், பிறகு காட்மாண்டு கொண்டுபோகலாம், அதற்குள் சொந்தக்காரரும் அங்கே வந்துவிடலாம், காட்டவா வேண்டாமா என்று கேட்டான். நான் காட்டு என்றேன். பாஷை தெரியாத அந்த ஊரில், மூச்சு விடக் கஷ்டமான இடத்தில், ஒரு பிணத்தோடு நாலைந்து நாள் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். சட்டம் ஒன்றும் இல்லை. மஞ்சுஷா கேட்ட நாலு நாள் என் கையில்தான் இருந்தது.

ரமேஷ், நீ அந்த மூன்றாம் தாளைப் படித்தவன். லோகாம்பாளுக்கும் அதே தாள் இருந்திருக்கும், அதில் மஞ்சுஷா ஒப்பமிடவில்லை என்பது உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். நான் சட்டம் என்று சொன்னதை அவள் உன்னிடம் சொன்னபோது நீ வாயைத் திறக்கவில்லை. இந்த நாலு மாதமாக நீ எனக்கு எழுதாததும், ஃபோனில் சரிம்மா, வைக்கிறேன்மா என்பதற்கு மேல் பேசாததும் கோபத்தால் அல்ல என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. என்னைக் காப்பதற்காக நீ உன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லாமல் இருக்கிறாய். அதை நான் ஏற்க மாட்டேன். நான் பொய் சொன்னேன் என்பதற்காக நீயும் உன் வீட்டில் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்க வேண்டாம்.

ஆகவே இந்தக் கடிதத்தை மஞ்சுஷாவிடம் படித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, மலையாளம்தான் படித்தவள், அதனால் நீதான் வாசிக்க வேண்டும். ஒரு வரியையும் விடாதே. குளிக்கவில்லை என்ற பகுதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திவிடத் தோன்றும், அப்படிச் செய்யாதே. படித்த பிறகு அவள் என்னை மன்னிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நானாக இருந்தால் மாட்டேன். இப்போதாவது அவள் கோபத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, அத்தை அப்படிச் செய்திருப்பாளா என்று ஒரு மூலையில் கேட்டுக்கொண்டிருப்பாள். இதற்குப் பிறகு அதுவும் இருக்காது. சோனியாவை இனி இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டேன். தீபாவளிக்கு அவளுக்கென்று எடுத்த பாவாடைத் துணியைத் தனிப் பார்சலாக அனுப்புகிறேன், யார் எடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

இங்கே துலா மழை பிடித்துக்கொண்டது. பின்சுவரில் பாசி ஏறி உன் அப்பாவின் படத்துக்குப் பின்னால் வரை வந்துவிட்டது, படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். முழங்கால் வலி பழையபடிதான். காலையில் கோயில் வரை நடக்கிறேன். முன்பு நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது குடையைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உங்களுக்குக் குளிர் ஆரம்பித்திருக்கும். காது மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் முதலில் பிடிக்கும். மஞ்சுஷாவுக்கு இரும்புச்சத்து குறைவு என்று லோகாம்பாள் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள், டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, அவள் அம்மா சொன்னதாகச் சொல், அது உண்மைதான். எந்தத் தாள் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் உடல்நலமும் கிடைக்கட்டும். என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மஞ்சுஷாவுக்கு மனமில்லாவிட்டாலும் அவளுக்கும் என் ஆசீர்வாதம்.

ஃபோன் செய்ய வேண்டாம். கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினாயா இல்லையா என்பதை மட்டும் உன் கைப்பட எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
மாயம்மாள்